இதயத்தின் தாளம்: புதுவையிலிருந்து மார்செய் வரை

மலர்க்குழு நண்பர் கட்டுரை கேட்டபோது, "ஏ.ஐ. பற்றி எழுதுங்க சார், இப்போ எல்லாரும் அதைத்தான் பேசறாங்க" என்றார். எதிர்காலம் சொல்ல ஊரில் ஜோசியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நமக்கு முடிந்தது நடந்ததைச் சொல்வது. ஆகவே செயற்கை நுண்ணறிவு ஒரு குறிப்பிட்ட வேலைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்கிற வரலாற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்த வேலை, தாளம் தப்பிய இதயத்தைக் கண்டுபிடிப்பதும் சரி செய்வதும். இந்தக் கதையில் டாக்டர்களுக்குச் சமமாக இஞ்சினீயர்களும் வருகிறார்கள். புதுவைக்கும் பிரான்சுக்கும்கூட அதில் பங்கு உண்டு.

மூன்று விரல்கள்

இதயம் நிமிடத்துக்கு 72 தடவை துடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1,03,680 துடிப்பு. வலது மேலறையின் ஒரு மூலையில் இருக்கும் சின்னத் திசுக்கூட்டம் ஒன்றுதான் தாளம் போடும் வாத்தியார். அங்கே பிறக்கும் மின் அலை மேலறைகளில் பரவி, நடுவில் ஒரு கணம் தாமதித்து, கீழறைகளுக்கு இறங்குகிறது. இந்த ஒழுங்கு கெடும்போது வருபவைதான் தாளக் கோளாறுகள். அவற்றில் பரவலானது 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்'. மேலறைகளில் நிமிடத்துக்கு 350-க்கும் மேலான மின் துடிப்புகள் தாறுமாறாக ஓடும். அறை சுருங்காது, வெறுமனே நடுங்கும். அதனுள் ரத்தம் தேங்கி உறைந்து, அந்த உறைவு மூளைக்குப் போய்விட்டால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் சுமார் ஐந்து மடங்கு என்று அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 1991-இல் சொன்னது. படபடப்புதானே, சரியாகிவிடும் என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

இதைக் கேட்க மனிதனிடம் முதலில் இருந்த கருவி விரல்தான். நம் சித்த வைத்தியர்கள் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் மூன்றையும் ஒன்று, அரை, கால் என்ற அளவில் பார்த்தார்கள். அந்தக் கோட்பாட்டை இன்றைய உடலியலோடு பொருத்திப் பார்ப்பது என் வேலையில்லை. ஆனால் துடிப்பு எத்தனை என்பதோடு நிற்காமல் அதன் நடை எப்படி என்றும் கவனிக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும்.

டூப்ளே காலத்துப் பட்டை

1749-ஆம் வருஷம். புதுச்சேரியில் டூப்ளே கவர்னர். ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருக்கிறார். அதே வருஷம் பிரான்சில் ழான் பத்தீஸ்த் செனாக் என்ற மருத்துவர் இதயத்தைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். பிற்பாடு பதினைந்தாம் லூயி மன்னரின் தலைமை வைத்தியரானவர் இவர். அடங்காத படபடப்புக்கு சிங்கோனா மரப்பட்டையைக் கொஞ்சம் ரேவல்சின்னியோடு கலந்து கொடுத்தால் குணம் தெரிகிறது என்று அந்த நூலில் எழுதினார். காய்ச்சலுக்கு நம் தாத்தா பாட்டிமார் கசப்போடு விழுங்கிய கொய்னா இருக்கிறதே, அது வரும் அதே பட்டை. பின்னாளில், 1860 வாக்கில், நீலகிரியிலும் இந்த மரத்தைக் கொண்டுவந்து நட்டார்கள்.

செனாக் சொன்னது ஏறக்குறைய மறந்தே போயிற்று. 1912-இல் டச்சுக்கார மருத்துவர் வெங்கபாக்கிடம் ஒரு வியாபாரி வந்தார். "என் துடிப்பு தப்பும்போது நானே அதை நிறுத்திவிடுவேன்" என்றார். மருத்துவர் நம்பவில்லை. மறுநாள் காலை துடிப்பைச் சீராக்கிக்கொண்டு வந்து நின்றார் மனிதர். அவர் சாப்பிட்டது குவினைன்! 1918-இல் ஜெர்மனியின் வால்டர் ஃப்ரே, அதே பட்டையிலிருந்து வரும் குவினிடின் இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்று காட்டினார். நோயாளி சொன்னதை மருத்துவர் காது கொடுத்துக் கேட்டதால் ஒரு மருந்து மீண்டும் பிறந்தது.

நம் நாட்டுச் செடிக்கும் இதில் இடம் உண்டு. சர்ப்பகந்தி வேரிலிருந்து 1931-இல் தில்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திகி ஒரு ரசாயனத்தைப் பிரித்தெடுத்தார். ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக அதற்கு 'அஜ்மலின்' என்று பெயர் வைத்தார். தாளக் கோளாறு மருந்துகளின் வரிசையில் அது சேர்ந்தது. 1992-இல் புருகாடா சகோதரர்கள் விவரித்த, திடீர் மரணம் உண்டாக்கும் பரம்பரைக் கோளாறு ஒன்று சிலருக்கு ஈ.சி.ஜி.யில் ஒளிந்திருக்கும். அதை வெளியே வரவழைக்கும் சோதனைக்கு ஐரோப்பிய மருத்துவமனைகள் அஜ்மலினைத்தான் ஊசியாகப் போடுகின்றன.

இதற்கு நடுவே புதுவையில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு மருத்துவப் பள்ளி வைத்திருந்தார்கள். ஜிப்மர் தன் வரலாற்றை 1823-இல் இருந்து, அந்த 'எக்கோல் தெ மெதிசின்' பள்ளியிலிருந்துதான் தொடங்குகிறது. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி மாறியது. 1956-இல் பள்ளி தன்வந்திரி மருத்துவக் கல்லூரியானது. 1964-இல் கோரிமேட்டில் ஜிப்மராகத் திறக்கப்பட்டது. 2008-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமானது.

அம்பு விட்டு இழுத்த கம்பி

1887-இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் என்பவர் மனித இதயத்தின் மின் அலையை முதன்முதலாகப் பதிவு செய்தார். செயல்முறை விளக்கத்துக்கு அவர் அழைத்து வந்தது தன் நாய் ஜிம்மியை! அது உப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு சமர்த்தாக நிற்குமாம். ஆனால் பதிவு மங்கலாக இருந்தது.

அதைத் தெளிவாக்கியவர் வில்லெம் ஐந்தோவன். ஹாலந்துக்காரர், ஆனால் பிறந்தது ஜாவா தீவின் செமராங் ஊரில். உருகிய குவார்ட்ஸை அம்பின் வாலில் ஒட்டி எய்து, தலைமுடியைவிட மெல்லிய இழையை இழுத்தார்கள். அதற்கு வெள்ளி பூசி, பலமான காந்தத்தின் நடுவில் தொங்கவிட்டார். இதயத்தின் மின்சாரம் அந்த இழையில் ஓடும்போது அது அசையும். அசைவின் நிழலைப் படமெடுக்க வேண்டியதுதான். கருவியின் எடை சுமார் 270 கிலோ, இயக்க ஐந்து பேர். நோயாளியை அங்கே தூக்கிப் போக முடியாது என்பதால் 1905-இல் மருத்துவமனையிலிருந்து தன் பரிசோதனைச் சாலைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைபேசிக் கம்பி வழியாக ஈ.சி.ஜி.யை வரவழைத்தார். ஏறத்தாழ நம் கடற்கரைச் சாலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடக்கிற தூரம். 'டெலிமெடிசின்' என்று இப்போது பேசுகிறோமே, அதற்கு வயது நூற்றிருபது! அலைகளுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயர் வைத்ததும் இவரே. 1924-இல் நோபல் பரிசு.

இஞ்சினீயர்கள் உள்ளே வந்த காலம்

1958 அக்டோபர் 8. ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவரின் இதயம் அடிக்கடி நின்று நின்று போனது. ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற இஞ்சினீயர் செய்த சின்னக் கருவியை ஒகே செனிங் என்ற அறுவை மருத்துவர் அவர் உடம்பில் பொருத்தினார். ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து வார்த்ததாம் அந்தப் பேஸ்மேக்கர்! சில மணி நேரத்திலேயே அது நின்றுபோனது. ஆனால் லார்சன் நிற்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக 26 பேஸ்மேக்கர் போட்டுக்கொண்டு, செய்த இஞ்சினீயரையும் பொருத்திய டாக்டரையும்விட அதிக நாள் இருந்து, 2001-இல் 86-ஆவது வயதில் காலமானார். அமெரிக்காவில் வில்சன் கிரேட்பாட்ச் கதை வேறு மாதிரி. இதய ஒலியைப் பதிவு செய்யும் சர்க்யூட்டில் தவறான ரெசிஸ்டரை மாட்டிவிட்டார். அது விநாடிக்கு ஒரு தடவை துடிக்க ஆரம்பித்தது. வேறொருவர் கழற்றிப் போட்டிருப்பார். அவர் உட்கார்ந்து பார்த்தார். 1960-இல் அது பேஸ்மேக்கராயிற்று.

அடுத்த பிரச்சினை, கோளாறு வருகிற நேரத்தில் பிடிப்பது. என் பெரியப்பா முத்தியால்பேட்டைக்காரர். "டேய், குதிரை ஓடுதுடா உள்ளே" என்பார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் குதிரை லாயத்துக்குத் திரும்பிவிடும். ஈ.சி.ஜி. 'நார்மல்'. இரண்டு தடவை இப்படி ஆயிற்று. மூன்றாம் தடவை 24 மணி நேர ஹோல்டர் கருவியைக் கட்டிவிட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஓடிய குதிரை மாட்டிக்கொண்டது. இப்போது ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார், தெம்பாக இருக்கிறார். அந்தக் கருவியைத் தந்த நார்மன் ஹோல்டரும் டாக்டர் அல்ல, இயற்பியல்காரர். 1940-களில் அவர் செய்த முதல் கருவி முதுகில் சுமக்கும் மூட்டை, எடை சுமார் 38 கிலோ. 1961-இல் அதைச் சிறிதாக்கி வெளியிட்டார்.

ஆனால் 24 மணி நேரத்தில் ஒரு லட்சம் துடிப்பு! யார் உட்கார்ந்து பார்ப்பது? அங்கேதான் கம்ப்யூட்டர் வந்தது. 1950-களின் கடைசியிலேயே வாஷிங்டனில் ஹ்யூபர்ட் பிப்பர்கர் ஈ.சி.ஜி.யைக் கம்ப்யூட்டருக்குள் செலுத்தினார். ஆனால் நிரலை ஒப்பிட்டுப் பார்க்கப் பொதுவான அளவுகோல் வேண்டுமே? 1975 முதல் 1979 வரை பாஸ்டனில் 47 பேரிடமிருந்து அரை மணி நேரப் பதிவுகள் 48 எடுத்தார்கள். ஏறக்குறைய 1,10,000 துடிப்புகளுக்கு மருத்துவர்கள் கையால் குறிப்பு எழுதினார்கள். இதுதான் 1980-இல் வெளிவந்த 'எம்.ஐ.டி.-பி.ஐ.எச்.' தரவுத் தொகுப்பு. பிராஜெக்டுக்கு ஈ.சி.ஜி. எடுத்தவர்களுக்கு இது பழைய சிநேகிதம். 1985-இல் பானும் டாம்ப்கின்ஸும் அதன் மேல் ஓட்டிய வழிமுறை இன்றும் பாடத்தில் இருக்கிறது: வடிகட்டு, டிஃபரன்ஷியேட் செய், வர்க்கப்படுத்து, சாளரத்தில் சராசரி எடு, வாசலைத் தாண்டினால் துடிப்பு என்று எண்ணு. 99.3 சதவீதம் சரியாகப் பிடித்தது. ஓடியது எதில் தெரியுமா? இசட்-80 மைக்ரோபிராசஸரில். 8085-இல் மாரடித்த நமக்கெல்லாம் அதன் பெருமை புரியும்.

கருவி தானே முடிவெடுப்பதும் புதிதல்ல. 1980 பிப்ரவரியில் பால்டிமோரில் மிர்ரோவ்ஸ்கியின் குழு ஒரு நோயாளிக்குத் தானியங்கி டிஃபிப்ரிலேட்டரைப் பொருத்தியது. கீழறை நடுங்க ஆரம்பித்தால் யாரையும் கேட்காமல் அதுவே ஷாக் கொடுக்கும். மனிதனுக்குச் சொல்லி அனுமதி வாங்க நேரமில்லாத இடத்தில் இயந்திரத்தை நம்பினார்கள். ஆனால் அது பின்பற்றிய விதி மனிதன் எழுதியது. ஷாக் ஏன் கொடுத்தது என்று கேட்டால் பதில் காகிதத்தில் இருந்தது.

தானே கற்ற இயந்திரம்

2017-இல் இந்தக் கடைசி வாக்கியம் ஆட்டம் கண்டது. ஸ்டான்ஃபோர்டில் ஆண்ட்ரூ எங் குழுவினர் 34 அடுக்கு கொண்ட நரம்பு வலைப்பின்னலுக்கு ஈ.சி.ஜி.களைக் காட்டினார்கள். க்யூ.ஆர்.எஸ். என்றால் என்ன, பி அலை எங்கே என்று எதுவும் சொல்லித்தரவில்லை. பதிவையும் விடையையும் மட்டும் கொடுத்தார்கள். 2019-இல் வெளியான முழு ஆய்வில் 53,549 பேரின் 91,232 பதிவுகள். 12 வகைத் தாளங்களைப் பிரிப்பதில் சராசரி இருதய நிபுணரை அது மிஞ்சியது.

அதே 2019-இல் மேயோ கிளினிக் செய்தது இன்னும் விசித்திரம். 1,80,922 பேரின் 6,49,931 ஈ.சி.ஜி.கள், எல்லாமே தாளம் ஒழுங்காக இருந்தபோது எடுத்தவை. இவர்களில் யாருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்து போயிருக்கிறது என்று இயந்திரத்தைக் கேட்டார்கள். ஒரே பத்து விநாடிப் பதிவிலிருந்து சுமார் 79 சதவீதம் சரியாகச் சொன்னது! பெரியப்பாவின் அந்த 'நார்மல்' காகிதத்திலும் ஏதோ இருந்திருக்கலாம். மனிதக் கண்ணுக்குத் தெரியவில்லை. எதைப் பார்த்து இயந்திரம் கண்டுபிடிக்கிறது என்பதுதான் சிக்கல். அது வாய்விட்டுச் சொல்லாது. தவிர, 79 என்றால் ஐந்தில் ஒன்று தப்பு என்பதையும் மறக்கக் கூடாது.

கைக்கடிகாரத்தின் கதையும் அதே வருஷம்தான். அமெரிக்காவில் 4,19,297 பேர் ஆப்பிள் கடிகாரம் கட்டிக்கொண்டு சேர்ந்த ஆய்வு. 2,161 பேருக்கு மட்டுமே எச்சரிக்கை வந்தது. அவர்களுக்கு மார்பில் ஒட்டும் பட்டையை அனுப்பினார்கள். பயன்படுத்தத் தக்கதாகத் திரும்பி வந்த 450 பட்டைகளில் 34 சதவீதத்தில்தான் கோளாறு பதிவாகியிருந்தது. வந்து வந்து போகும் நோய் என்பதால் மற்றவை எல்லாம் பொய் எச்சரிக்கை என்றும் சொல்லிவிட முடியாது. வெளிநாட்டில் இருக்கும் நம் செட் நண்பர்கள் கடிகாரம் கூவியதும் பதற வேண்டாம்; அதே சமயம் அலட்சியமும் வேண்டாம். டாக்டரைப் பாருங்கள்.

மார்செய்

கண்டுபிடிப்பது சரி, சிகிச்சை? இங்கே கதை மறுபடி பிரான்சுக்குப் போகிறது. 1998-இல் போர்தோ நகரில் மிஷேல் அய்சகேர் குழுவினர் 45 நோயாளிகளின் இதயத்துக்குள் கதீட்டர் செலுத்திப் பார்த்தார்கள். நடுக்கத்தைத் தூண்டும் 69 புள்ளிகள் கிடைத்தன. அதில் 94 சதவீதம் நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சிரைகளுக்குள் இருந்தது. அந்த வாசலைச் சுட்டு மின் தொடர்பைத் துண்டித்துவிட்டால் பலருக்குக் குணமாகிறது. 'அப்லேஷன்' என்கிறார்கள். வந்து வந்து போகிறவர்களுக்கு நல்ல பலன். ஆனால் நடுக்கம் நிலைத்துவிட்டவர்களுக்கு இது மட்டும் போதவில்லை. வேறெங்கே சுடுவது? நிபுணருக்கு நிபுணர் அபிப்பிராயம் மாறியது.

மார்செய் நகர மருத்துவர்கள் சிலருக்கு ஒரு யோசனை. திருவிழாவில் பத்து மேளம் ஒரே நேரத்தில் முழங்கும்போது தாளத்தைக் கெடுப்பது எது என்று பழகிய காது கண்டுபிடித்துவிடும், இல்லையா? அதுபோல, கதீட்டரின் அடுத்தடுத்த மின்முனைகளில் அலை சிதறி ஓடும் இடங்களை அவர்கள் கண்ணாலேயே அடையாளம் கண்டார்கள். ஆனால் அந்தக் கண் எல்லா ஊர் டாக்டருக்கும் வராது. 2016-இல் தரவு விஞ்ஞானி ஒருவரையும் சேர்த்துக்கொண்டு 'வோல்டா மெடிக்கல்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நிபுணர்கள் குறித்துத் தந்த பதிவுகளை மென்பொருளுக்குக் காட்டினார்கள். சிகிச்சை நடக்கும்போதே "இந்த இடம்" என்று அது திரையில் காட்டும். சுடுவதா வேண்டாமா என்பது டாக்டர் கையில்.

இது வேலை செய்கிறதா என்று சீட்டுப் போட்டுப் பிரித்த ஆய்வின் முடிவு 2025-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்தது. 26 மையங்கள், 374 நோயாளிகள், 51 மருத்துவர்கள். ஒரு வருஷம் கழித்து ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் திரும்பாதவர்கள் வழக்கமான முறையில் 70 சதவீதம், மென்பொருள் உதவியோடு 88 சதவீதம். சந்தோஷமான செய்தி. முழுச் செய்தியையும் சொல்ல வேண்டுமல்லவா? சிகிச்சைக்கு நேரம் கூடுதலாகப் பிடித்தது. மற்ற வகை மேலறைத் தாளக் கோளாறுகளையும் சேர்த்து எண்ணினால் ஒரு தடவை செய்ததற்கு இரண்டு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. ஒரு கதவு திறந்தது, வீடு முழுக்கத் திறக்கவில்லை.

நம் இதயம் பாடத்தில் இருக்கிறதா?

இதை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் இந்தக் கேள்விதான். கண் விஷயத்தில் நமக்கு நல்ல அனுபவம் உண்டு. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைக் கண்டுபிடிக்க கூகுள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூர் நாராயண நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் இருந்தன. நம் கண்களையும் பார்த்துத்தான் அந்த இயந்திரம் கற்றது.

இதய விஷயத்தில், மேலே சொன்ன ஸ்டான்ஃபோர்ட், மேயோ, ஆப்பிள் மூன்றும் அமெரிக்க நோயாளிகளின் பதிவுகள். அங்கே இந்த நோய் பெரும்பாலும் முதுமை, ரத்த அழுத்தம், உடற்பருமனோடு வருவது. நம் நாட்டில் இன்னொரு முக்கியக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல். சின்ன வயதில் தொண்டைப் புண்ணாக வந்து, மூட்டு வலியாகிப் போய், வால்வைக் கெடுத்துவிட்டு, முப்பது நாற்பது வயதில் தாளத்தைக் கெடுக்கும். நெரிசலான வீடும் வறுமையும் இருக்கும் இடத்தில் இது அதிகம். வேறு காரணத்தால் வரும் நோய்க்கு வேறு வழி வேண்டியிருக்கலாம் என்பது வெறும் ஊகமில்லை. மேலைநாடுகளில் வார்ஃபரினைவிட நல்லது என்று வழக்கத்துக்கு வந்த புதுவகை உறைவுத் தடுப்பு மருந்துகளில் ஒன்றை, ருமாட்டிக் நோயாளிகள் 4,500-க்கும் மேற்பட்டோரிடம் 24 நாடுகளில் சோதித்தார்கள். முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் தில்லி எய்ம்ஸின் டாக்டர் கணேசன் கார்த்திகேயன். 2022-இல் முடிவு வந்தது: இவர்களுக்குப் பழைய மருந்துதான் மேல், சாவும் அதில்தான் குறைவு. எல்லோரும் எதிர்பார்த்ததற்கு நேர் மாறு! நம் நோயாளியிடம் சோதிக்காமலே விட்டிருந்தால் உயிர்கள் போயிருக்கும்.

மருந்துக்குப் பொருந்துவது மென்பொருளுக்கும் பொருந்தும். மேயோவின் பதிவுகளில் படித்த இயந்திரம், வில்லியனூரிலிருந்து வரும் 35 வயது அம்மாவின் வால்வு கெட்ட இதயத்தைப் பார்த்து என்ன சொல்லும்? சரியாகவே சொல்லலாம். ஆனால் சோதித்துப் பார்த்த பிறகுதான் அதை நம்ப வேண்டும்.

ஜூனியர்களுக்கு ஒரு வார்த்தை. 47 பேரின் பதிவை எடுத்து 99 சதவீதம் வந்துவிட்டது என்று பிராஜெக்ட் ரிப்போர்ட்டை பைண்ட் செய்துவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். அந்தப் பதிவுகள் எடுக்கப்பட்டது பாஸ்டனில், நம் ஊரில் அல்ல. எந்த மென்பொருளைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "இது யாரைப் பார்த்துக் கற்றது?" என்பதாக இருக்கட்டும். இரண்டாவது, "தப்பினால் யார் பதில் சொல்வார்கள்?" நம் ஊரிலேயே இருநூறு வருஷப் பரம்பரை கொண்ட மருத்துவ நிறுவனம் இருக்கிறது. கதவைத் தட்டுங்கள். நோயாளியின் சம்மதத்தோடும் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடும் நம் மக்களின் பதிவுகளில் சோதித்துப் பாருங்கள். பலன் நன்றாக வந்தாலும் எழுதுங்கள், மோசமாக வந்தாலும் எழுதுங்கள்.

சீனியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் பெரிய நிறுவனங்களில் இந்தத் துறையிலேயே இருக்கிறீர்கள். வருஷத்துக்கு ஒரு மாணவர் குழுவுக்கு வழிகாட்ட நேரம் ஒதுக்கினால் போதும். அப்படிச் சோதித்த ஒரு குழுவின் கட்டுரை அடுத்த மலரில் இந்தப் பக்கத்தில் வர வேண்டும் என்பது என் ஆசை.